மூன்றாவது ஓலை

எங்கள் வீட்டு அடுக்களையில் இருக்கும் எவர்சில்வர் தட்டுகளில் பாதி நான் ஜெயித்தவை. ஞாயிறு பள்ளி மனப்பாடப் போட்டியில் என்னை அடிக்கப் பாளையங்கோட்டையிலேயே ஆள் கிடையாது என்று அம்மா சொந்தக்காரர்களிடம் பீற்றிக்கொள்வாள். வேதாகமத்தில் ஓர் அதிகாரத்தைக் கொடுத்தால் மூச்சு விடாமல் ஒப்பிப்பேன். அதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் என்னைக் கேட்டதில்லை, நானும் கேட்டுக்கொண்டதில்லை. பள்ளிக்கூடப் பரீட்சைகளும் அதே மாதிரி ஓடிவிட்டன.

கல்லூரி முதல் வருஷத்தில்தான் வண்டி குடை சாய்ந்தது. வரலாற்றுத் துறைக்குப் புதிதாக வந்த மேடம் பரீட்சையில் ஒரு பத்திரிகைக் கட்டுரையைக் கொடுத்து, இதை எழுதியவர் எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார் என்று கேட்டிருந்தார். நான் கட்டுரையை வரி பிசகாமல் அழகான கையெழுத்தில் திரும்ப எழுதி வைத்தேன். தாள் திரும்பி வந்தபோது குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. வந்த ஆத்திரத்தில் நேரே ஸ்டாஃப் ரூமுக்குப் போய், கட்டுரையில் உள்ளது எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேனே என்று சண்டைக்கு நின்றேன்.

“உள்ளதத்தான் நானே அச்சடிச்சுக் கொடுத்துட்டேனே. இல்லாததையில்லா உன்கிட்ட கேட்டேன்” என்றார் மேடம். சிரிக்கக்கூட இல்லை.

அவர் மேல் இருந்த கோபத்தில்தான் அந்தக் கட்டுரையை வீட்டில் வைத்துத் திரும்பத் திரும்பப் படித்தேன். சேரன்மகாதேவிப் பக்கம் வயல்களுக்கு நடுவே வரப்போகிற ஒரு சாலையைப் பற்றியது அது. கடைக்காரர் பேசியிருந்தார், லாரிக்காரர் பேசியிருந்தார், கல்யாண மண்டபக்காரர்கூடப் பேசியிருந்தார். வயல்காரர் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. இது கண்ணில் பட்ட நிமிஷம், இத்தனை நாளும் எதைத்தான் படித்துக் கிழித்தேன் என்று என் மேலேயே எரிச்சல் வந்தது.

அதற்குப் பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஜவுளிக்கடை பாதி விலை என்று நோட்டீஸ் போட்டால், முழு விலையைப் போட்டது யார் என்று கேட்பேன். வாட்ஸ்அப்பில் சித்தப்பா அனுப்புகிற மருத்துவக் குறிப்புக்கு, யார் சொன்னது, எங்கே சொன்னது என்று பதில் போட்டுக் குடும்பக் குழுவில் கெட்ட பெயர் வாங்கினேன். பிரசங்கம் முடிந்து வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதைக் குடைந்துகொண்டு வருவேன். சாப்பாட்டையாவது கேள்வி கேட்காமல் தின்னு தொலை என்றாள் அம்மா. படித்தால் நிம்மதி வரும் என்று யாரோ சொன்னார்களே, அவர்களைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அந்த நேரத்தில்தான் அக்காவுக்கு மாப்பிள்ளை அமைந்தது. அக்கா கங்கைகொண்டானில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கிற பிரிவில் இருந்தாள். தினமும் கம்பெனி வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும். வேலை என்றால் அவளுக்கு உயிர். காய்ச்சலோடு போய்விட்டு வந்து, இன்றைக்கு ஒரு தப்பும் தாண்டிப் போகவில்லை என்று சொல்லிச் சிரிக்கிற ரகம். மாப்பிள்ளை ராதாபுரத்தில் பள்ளிக்கூட வாத்தியார், ஒரே பையன். அக்காவுக்கு அவரைப் பிடித்திருந்தது. போனில் பேசிவிட்டு வந்தால் காரணமில்லாமல் என் சடையை இழுப்பாள்.

பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் அப்பா, பெண் வேலைக்குப் போவதில் எங்களுக்கு ஒரு தடையும் கிடையாது என்று சொன்னார். எங்கள் அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. காப்பி குடித்துவிட்டு அவரே இன்னொன்றும் சொன்னார்: மாடி எடுத்துக் கட்டியாகிவிட்டது, எல்லாரும் ஒன்றாக ராதாபுரத்தில்தான் இருப்போம். அதற்கும் எல்லாரும் தலையாட்டினார்கள். கதவுக்குப் பின்னால் நின்ற எனக்கு மட்டும் உள்ளே உறுத்தியது. இரண்டும் நல்ல பேச்சுதான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அக்காவின் வேலை காணாமல் போயிருந்தது. ராதாபுரத்திலிருந்து வள்ளியூர் வந்து, நாங்குநேரி தாண்டி, திருநெல்வேலி வந்து, அதற்கும் வடக்கே கங்கைகொண்டான். விடியுமுன் கிளம்பினாலும் ஷிப்டு பிடிக்க முடியாது.

அப்பாவிடம் சொன்னேன். பெரியவர்கள் பேசிக்கொள்வார்கள், நீ போய்ப் படி என்றார். படித்ததனால்தானே கேட்கிறேன் என்று முனகிக்கொண்டு போனேன். அக்காவிடம் சொன்னபோது முகம் ஒரு மாதிரி ஆனது. அவளும் அதை நினைத்திருக்கிறாள், நினைத்து நினைத்து மூடி வைத்திருக்கிறாள் என்று தெரிந்தது.

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். ஓலை என்றாலும் காகிதம்தான். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் நிச்சயமாகியிருக்கிறது, இதற்குத் தடை யாருக்காவது தெரிந்தால் சொல்லலாம் என்று ஐயர் கேட்பார். போதகரை நாங்கள் ஐயர் என்றுதான் சொல்வோம். அது கேள்வி என்று எங்கள் ஊரில் ஒருத்தருக்கும் தோன்றியதில்லை. ஜெபம் என்று நினைத்துக் கடைசி பெஞ்சில் சிலர் ஆமென்கூடச் சொல்லிவிடுவார்கள். சின்ன வயதிலிருந்து நானும் சொல்லியிருக்கிறேன்.

முதல் ஓலை போனது. இரண்டாவது ஞாயிறு, ஐயர் அக்காவின் பெயரை வாசித்துவிட்டு அந்தக் கேள்வியைக் கேட்டபோது நான் எழுந்துவிடுவேன் என்று எனக்கே பயமாக இருந்தது. அக்கா என் முந்தானையைப் பிடித்து அழுத்திக்கொண்டாள். கடைசி பெஞ்சில் யாரோ ஆமென் என்றார்கள்.

அன்று மத்தியானம் அக்கா என்னை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய், நானும் கேட்கும்படி மாப்பிள்ளைக்குப் போனைப் போட்டாள். கல்யாணத்துக்குப் பிறகு எங்கே இருப்போம், நான் எப்படி வேலைக்குப் போவது என்று நேராகவே கேட்டாள்.

“அதெல்லாம் பிறகு பாத்துக்கிடலாம்” என்றார் அவர்.

“பிறகுன்னா எப்ப?”

“பிறகுதான். இப்ப என்னத்துக்கு அது?”

போனில் அவருக்குப் பின்னால் யாரோ நடமாடுகிற சத்தம் கேட்டது. அது பதிலே இல்லை என்று நான் சைகை காட்டினேன். அக்கா என்னைப் பார்க்கவே இல்லை.

“அப்ப ஓலையையும் பிறகு வாசிக்கட்டும்” என்று சொல்லிப் போனை வைத்தாள்.

அந்த வாரம் வீட்டில் நடந்ததை எழுதினால் புத்தகம் பத்தாது. ராதாபுரத்திலிருந்து பெரியவர்கள் வந்தார்கள், கத்தினார்கள், போனார்கள். கேட்ட கேள்விக்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லை. அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் என் புத்தகங்களைக் காட்டி, உன் படிப்பு ஒரு கல்யாணத்தையே நிறுத்திவிட்டது என்றார்.

“அவ படிப்பு ஒண்ணும் நிறுத்தலப்பா. நான் கேட்டேன், அவிய சொல்லல. அவ்வளவுதான்” என்றாள் அக்கா.

மூன்றாவது ஞாயிறு ஐயர் வேறு இரண்டு ஜோடிகளின் ஓலையை வாசித்துவிட்டு நிறுத்தினார். கோயில் முழுக்கத் திரும்பி எங்கள் பெஞ்சைப் பார்த்தது. அப்பா குனிந்த தலை நிமிரவில்லை. அக்கா பாட்டுப் புத்தகத்தை எடுத்து எல்லோரையும்விடச் சத்தமாகப் பாடினாள்.

இப்போது நான் எம்.ஏ. இரண்டாம் வருஷம். அக்கா தன் பிரிவுக்குப் பொறுப்பாளர் ஆகிவிட்டாள், கல்யாணம் ஆகவில்லை. போன மாதம் ஒரு செய்தி வந்தது. அந்த வாத்தியாருக்குக் கல்யாணமாகிவிட்டதாம். பெண் வள்ளியூரில் நர்ஸாம். அவள் வேலைக்காக வள்ளியூரிலேயே வீடு எடுத்துத் தங்கியிருக்கிறார்களாம். ராதாபுரத்து மாடி பூட்டிக்கிடக்கிறதாம்.

அதைக் கேட்டதிலிருந்து நான் அந்தப் போன் பேச்சைப் பிரித்துப் பிரித்துப் பார்க்கிறேன். பின்னால் நடமாடியது அவருடைய அம்மாவாக இருந்தால்? ஆள் இருக்கும்போது பேச முடியாமல்தான் பிறகு என்றாரா? அன்றைக்கு அது எனக்கு ஏன் தோன்றவில்லை? இல்லை, அக்காவை இழந்த பிறகுதான் அந்த மனுஷனுக்குப் புத்தி வந்ததா? ஒவ்வொரு நாளும் ஒவ்வொன்று சரி என்று படுகிறது.

நேற்றுக் காலை வேனுக்காகத் தெருமுனையில் நின்றோம். அக்கா அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே கேட்டாள்.

“ஏட்டி, அவரு எனக்கும் வீடு எடுத்திருப்பாரோ? இல்ல, நான் கேட்டதுனாலதான் அவளுக்குக் கிடைச்சுதோ? நீதான வாசிக்கப் படிச்சவ, சொல்லு.”

“தெரியலக்கா” என்றேன். அதுதான் உண்மை.

வேன் வந்து நின்றது. அவள் ஏறாமல் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“பொய்யாவது சொல்லு பிள்ள” என்றாள்.

நான் அவள் கையை விடாமல் வேன் படி வரைக்கும் கூடப் போனேன்.