காலி ரோல்

துரைக்கண்ணுவின் படத்தைத் திறந்துவைக்கப் பாண்டுரங்கனைத்தான் கூப்பிட வேண்டும் என்று பவானி சொன்னதும், அவள் அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"உங்கப்பா தொழில கெடுத்தவன்டி அவன்."

"அதான்மா கூப்புடறேன்."

அப்பா இறந்து ஒன்பது நாள். பதினாறாம் நாள் படத்திறப்பு. பவானி இன்னும் அழவில்லை. ஆஸ்பத்திரிகளில் எக்ஸ்ரே இயந்திரம் பழுது பார்ப்பவள் அவள். எங்கே கெட்டது என்று தெரியாமல் மூடியைப் பூட்டிப் பழக்கமில்லை.

கெட்டது 1993 ஆவணியில். கண்டமங்கலத்தில் முருகையன் மகள் கல்யாணம். திண்டிவனத்தில் ஸ்டுடியோ வைத்திருந்த துரைக்கண்ணு மூன்று ரோல் எடுத்தார். தாலி கட்டியது மூன்றாவது ரோலில். கலர் பிலிம் கழுவ அவர் பஸ் ஏறிப் போவது விழுப்புரத்தில் பாண்டுரங்கன் வைத்திருந்த லேபுக்கு. இரண்டு ரோல் நன்றாக வந்தன. மூன்றாவதில் ஒரு படம்கூட இல்லை.

பெண் வீட்டார் முன்னால் பாண்டுரங்கன் அந்த பிலிமை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினான்.

"ரோலு சுத்தவே இல்ல. கேமராவுல ஒழுங்கா மாட்டல. காலி ரோல கொண்டாந்து குடுத்தா நான் இன்னா பண்றது?"

முருகையன் கை ஓங்கவில்லை. "எம்பொண்ணு கழுத்துல தாலி ஏறினதுக்கு ஒரு படம் இல்லாம பண்ணிட்டியேப்பா" என்று மட்டும் சொன்னார். அடித்திருந்தால் தேவலை என்று துரைக்கண்ணு பிற்பாடு பல தடவை சொல்லியிருக்கிறார்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பிலிமை விரித்துப் பார்த்தார். ஓரத்தில் எண்கள் இல்லை. நெகட்டிவ் ஓரத்தில் ஒன்று, இரண்டு என்று ஓடும் எண்களை பிலிம் செய்கிற இடத்திலேயே ஒளியால் எழுதிவிடுகிறார்கள். மருந்தில் கழுவும்போது அவை தெரியும். கேமராவுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. எண் வந்து படம் வராமல் போனால் தப்பு எடுத்தவனுடையது. எண்ணே வராவிட்டால் தப்பு கழுவினவனுடையது.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, எதிர் பஸ் பிடித்து லேபுக்குத் திரும்பினார். பாண்டுரங்கன் சிரித்தான்.

"நம்பரு இல்லியா? சரி, போய் சொல்லு. மல்லாட்ட பயிர் போடற முருகையனுக்கு நெகட்டிவ் படிக்கத் தெரியும் பாரு."

பெயர் ஒட்டிக்கொண்டது. காலி ரோலு துரை. பள்ளிக்கூடத்தில் பவானி காலி ரோலு பொண்ணு. கல்யாணத்துக்குக் கூப்பிடுவது நின்றது. பத்து வருஷம் பாஸ்போர்ட் படத்திலும் பள்ளிக் குரூப் படத்திலும் போனது. அந்த ரோலை அவர் எறியவில்லை. பாண்டுரங்கன் கையெழுத்திட்டுத் தந்த லேப் கவரில் சுற்றி, சாமி மாடத்தில் குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். "ஒரு நாளைக்கு இத பெருசா காட்டணும்" என்பார். சுற்றுவட்டாரப் போட்டோகிராபர்கள் எல்லாருக்கும் பிலிம் கழுவ அந்த லேப்தான் என்பதால் அவர்களிடமும் காட்டாமலே வைத்திருந்தார்.

2004இல் டிஜிட்டல் கேமரா வாங்கினார். முதல் கல்யாணத்தில் தாலி கட்டி முடிந்த கையோடு மேடையிலிருந்து இறங்கிப் போய், பெண்ணின் அப்பாவிடம் கேமராவின் முதுகைத் திருப்பிக் காட்டினார்.

"பாத்துக்குங்க மாமா. விழுந்துச்சா?"

"விழுந்துருக்குதுப்பா. எங்க, இன்னொரு வாட்டி காட்டு."

அதற்கப்புறம் எந்தக் கல்யாணத்திலும் இதைச் செய்யாமல் அவர் சாப்பிட உட்கார்ந்ததில்லை. மெல்ல மெல்ல ஆட்கள் திரும்பி வந்தார்கள். அது போதவில்லை அவருக்கு. வண்டியை எடுத்துக்கொண்டு பெருமுக்கல், மரக்காணம் என்று ஒவ்வொரு போட்டோகிராபராகத் தேடிப் போனார். மரக்காணம் சிங்காரம் மட்டும் லேசில் மசியவில்லை.

"பிலிம்ல இருக்கிற உசுரு இதுல இல்லண்ணே."

"உசுரு கெடக்குதுடா. ரோலுக்கு முப்பத்தாறு படத்தோட நிக்கணுமா இனிமே? கண்ணு மூடியிருந்தா அங்கியே தெரியுது, இன்னொன்னு எடு. ஒரு படத்த நாலு எடத்துல வச்சுக்க, ஒன்னு போனா இன்னொன்னு. எத்தினி மணிக்கு எடுத்தன்னு அதுலயே எழுதியிருக்குது. தப்பு பண்ணா அது நீ பண்ண தப்பு. எவனோ பண்ணத நீ தலைல சுமந்துக்கினு திரிய வேணாம்."

"நீ கேமரா விக்க வந்தியா, பாண்டுரங்கன் லேப மூட வந்தியா?"

"ரெண்டும் ஒன்னுதான்டா."

சிங்காரம் மாறினார். ஐந்து வருஷத்தில் பாண்டுரங்கனின் பிலிம் கழுவும் இயந்திரம் காயலான் கடைக்குப் போனது. அன்று துரைக்கண்ணு வீட்டுக்கு ஜிலேபி வாங்கி வந்தார். ஆனால் அடுத்த தையில் அதே கடையில் டிஜிட்டல் பிரிண்ட், பிளெக்ஸ் பேனர் எல்லாம் வந்துவிட்டன. போட்டோகிராபர் சங்கத்துக்கும் அவனே தலைவன்.

"பாம்பு சட்டைய உரிச்சிக்கினு வந்துட்டான்" என்றார் துரைக்கண்ணு. ஜிலேபி வாங்கி வந்ததை நினைத்து நினைத்து வெட்கப்பட்டார். 2014இல் மாரடைப்பு. சங்கம் ஒட்டிய கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் பார்த்துப் பெட்டிக்கடையில் ஒருவர், "யாரு, காலி ரோலா?" என்று கேட்டது பவானி காதில் விழுந்தது.

அன்று சாயங்காலம் சாமி மாடத்திலிருந்து அந்தக் கவரை எடுத்தாள். ஸ்டுடியோ பீரோவில் கிடந்த இரண்டாவது ரோலையும் கவரிலிருந்த மூன்றாவது ரோலையும் ஸ்கேன் செய்து ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தாள். அடியில், கையெழுத்தோடு லேப் கவர். மூன்றடிக்கு நாலடி. பிரிண்டுக்கு அனுப்பியது பாண்டுரங்கன் கடைக்கே. கணினியில் இருந்த கொளஞ்சி புதிதாகச் சேர்ந்தவள். போனில் கேட்டாள்.

"இன்னாக்கா, கீழ இருக்கிறதுல படமே இல்லியே?"

"அதான் படம். அனுப்பினத அப்படியே போடும்மா."

அப்படியே போட்டாள்.

பதினாறாம் நாள் காலை. மண்டபத்தில் நாற்பது போட்டோகிராபர்கள். பாண்டுரங்கன் பெரிய ரோஜா மாலையோடு வந்தான்.

"எங்களுக்குள்ள ஆயிரம் இருக்கும்மா. ஆனா தொழில்னு வந்தா அண்ணன் தம்பிங்க."

"நீங்கதான் தொறக்கணும்" என்றாள் பவானி.

திரையை இழுத்தான்.

மேல் வரிசையில் மணமேடையும் நாதஸ்வரக்காரரும், வெளிச்சம் இருட்டாக மாறித் தெரிந்தார்கள். ஓரத்தில் எண்கள். கீழ் வரிசையில் வெறும் ஆரஞ்சு நிறம். ஓரமும் வெறுமை. பவானி ஒரு வார்த்தையும் விளக்கவில்லை. அங்கிருந்தவர்கள் முருகையன்கள் அல்லர். இருபது வருஷம் அந்த எண்ணைச் சொல்லித்தான் பிரிண்ட் கேட்டவர்கள்.

சிங்காரம் எழுந்து கிட்டே வந்தார். விரலால் ஓரத்தைத் தொட்டுக்கொண்டே கோடி வரைக்கும் போனார்.

"நம்பரே இல்ல. இத வச்சிக்கினா அந்த மனுசன காலி ரோலுன்ன?"

பாண்டுரங்கன் நாற்பது பேரையும் பார்த்தான். "மூணாவது ரோலு கழுவறப்ப மருந்து செத்திருந்துச்சு. எனக்கே மறுநாள்தான் தெரியும்."

"மறுநாள் தெரியும்" என்றாள் பவானி. "இருபத்தோரு வருசம்."

அவன் கதவுப் பக்கம் திரும்பினான்.

"மாலை வாங்கிக்கினு வந்தீங்களே. போட்டுட்டுப் போங்க."

தன் லேப் கவருக்கு மேலே மாலையைப் போட்டான். அந்தக் கணம் நாற்பது கேமராக்களும் ஒன்றாக மின்னின. கழுவ எங்கேயும் கொடுக்க வேண்டியதில்லை. பாண்டுரங்கன் வாசலைத் தாண்டும் முன்பே படம் போனுக்குப் போன் போய்க்கொண்டிருந்தது.

சிங்காரம் தன் கேமராவின் முதுகை அவள் பக்கம் திருப்பினார்.

"பாத்துக்கம்மா. விழுந்துச்சா?"

பவானி பார்த்தாள். மாலையும் கையும் மங்காமல் இருந்தன. அதற்குள் கண் நிறைந்து திரை மறைந்தது.

"விழுந்துடுச்சு சித்தப்பா."