நீல வார் வரவில்லை

ஒவ்வொரு செருப்பையும் திருப்பி, அடிப்பக்கம் பார்த்துவிட்டுத்தான் அலமாரியில் வைக்கிறார். புதன்கிழமை மதியம் பிரார்த்தனைக் கூடத்து வாசலில் அவருக்கு இதுதான் வேலை. மற்ற ஆறு நாளும் பேருந்துப் பணிமனையில் டயர் தேய்மானம் பார்க்கிறவர். டயர்க்காரர் என்றே கூப்பிடுகிறார்கள்.

அக்கம்பக்கத்தில் தனியாக இருக்கும் வயதானவர்களுக்குக் கூடத்தார் வாரம் ஒருநாள் சாப்பாடு போடுகிறார்கள். எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர் என்று யாரும் கேட்பதில்லை. நாற்பது பேர் வருவார்கள். டயர்க்காரருக்கு ஒருவர் முகமும் மனதில் நிற்காது. குனிந்த தலை நிமிர்ந்தால்தானே. செருப்பு மட்டும் அத்தனையும் அத்துப்படி. "இவருக்கு வலது முட்டி போயிடுச்சு. போன மாசம் இப்படித் தேயலை" என்று கூடத்தில் காய் நறுக்க வரும் என்னிடம் ஒருமுறை புலம்பினார், சொந்த முட்டி போனதைப் போல.

இன்று மணி ஒன்றாகியும் அலமாரியின் மூன்றாம் தட்டில் இரண்டு இடம் காலி. அதில் ஒன்றை இரண்டு வருடமாக அவர் காலியாகவே வைத்திருக்கிறார். மற்றது, ஊக்கு குத்திய, இடது குதிகால் தேய்ந்த நீல வார்ச் செருப்புக்கு உரியது. புதிதாக வந்த சாம்பல் நிற ஜோடியைக்கூட அங்கே வைக்காமல் கீழ்த்தட்டுக்குத் தள்ளிவிட்டு, தெருமுனைவரை போய்ப் பார்த்தார், திரும்பினார், மறுபடி போனார். அந்த அம்மாளின் பெயரும் தெரியாது, வீடும் தெரியாது.

அவர் பயத்துக்குக் காரணம் உண்டு. இரண்டு வருடத்துக்கு முன் பழுப்பு ஷூ போட்ட பெரியவர் அடுத்தடுத்து இரண்டு புதன் வரவில்லை. உறவுக்காரர் வீட்டுக்குப் போயிருப்பார் என்று இவர் சும்மா இருந்துவிட்டார். கடைசியில் கதவை உடைத்துத்தான் அவரை வெளியே எடுத்தார்கள்.

பரிமாறும் பெண்ணைக் கூப்பிட்டார். "நீல வாரு, ஊக்கு போட்டவங்க உள்ள இருக்காங்களாம்மா?"

"எனக்கு மொகம்தாண்ணே தெரியும். செருப்பு உங்க இலாகா."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. "வீடு வீடா தட்டிப் பாத்துட்டு வர்றேன்" என்று கிளம்பியவர் படியிலேயே நின்றுவிட்டார். சாப்பிட்டுவிட்டு வாசல் குழாயில் கை கழுவ ஓர் அம்மாள் வந்தார். வெறுங்கால். இடது குதிகாலை இழுத்து இழுத்து நடந்தார்.

"உங்க நீல வாரு எங்கம்மா?"

"ஞாயித்துக்கிழமை மக வந்தா, தம்பி. பழசைத் தூக்கிப் போட்டுட்டா. புதுசு அதோ, கீழ இருக்கு."

"மாத்தினா ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" அந்த அம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை.

டயர்க்காரர் சாம்பல் நிற ஜோடியை எடுத்து மூன்றாம் தட்டில் நீல வாரின் இடத்தில் வைத்தார். பிறகு, பக்கத்துக் காலி இடத்தை உள்ளங்கையால் துடைத்தார்.