ஒரு நாளைக்கு அரை லிட்டர்

நான் நுரை குடிக்கிறவள். சிரிக்காதீர்கள், உண்மையைத்தான் சொல்கிறேன்.

கிள்ளானில் நான் இரத்தம் கழுவப் போகும் நிலையத்துக்கு எதிரே, தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் ஒரு மாமாக் கடை இருக்கிறது. அங்கே டீ ஆற்றுகிற தம்பி இராமநாதபுரம் பக்கமிருந்து மலேசியாவுக்கு வேலை பெர்மிட்டில் வந்தவர். திங்கள், புதன், வெள்ளி, வாரத்தில் மூன்று நாள் காலை ஆறு மணிக்கு என்னை டயாலிசிஸ் இயந்திரத்தோடு இணைப்பார்கள். பத்தரைக்கு விடுவார்கள். பஞ்சு ஒட்டிய கையோடு நேராக ரோட்டைத் தாண்டி அந்தக் கடையில் போய் உட்காருவேன்.

“அக்கா, வழக்கமானதா?”

“வழக்கமானதுதான். போன வாட்டி மாதிரி ஏமாத்தாத. டீ ஜாஸ்தி, நுரை கம்மி. எனக்கு ரிஜெக்ட் பண்ணத் தெரியும்.”

அவர் சிரித்துக்கொண்டே இரண்டு குவளைகளை எடுப்பார். தலைக்கு மேலே ஒன்று, இடுப்புக்குக் கீழே ஒன்று. மற்றவர்களுக்கு நாலு முறை ஆற்றும் டீயை எனக்குப் பத்து, பன்னிரண்டு முறை ஆற்றுவார். கிளாஸ் விளிம்பு வரை நிறைந்து வரும், ஆனால் முக்கால்வாசி நுரை. ஒருநாள் அதை வீட்டுக்குக் கட்டிக்கொண்டு போய், நுரை அடங்கும்வரை காத்திருந்து அளந்து பார்த்தேன். எண்பது மில்லிதான் இருந்தது. எண்பது மில்லியை வைத்துக்கொண்டு முழுக் கிளாஸ் டீ குடித்த திருப்தியை அந்தத் தம்பி எனக்குத் தருகிறார். அரை மணி நேரம் உதட்டில் ஒற்றி ஒற்றிக் குடிப்பேன். பக்கத்து மேசைக்காரர்கள் மடமடவென்று குடித்துவிட்டு எழுந்து போவார்கள். பாவம், அவர்களுக்கு டீ குடிக்கத் தெரியாது.

நாலு வருடத்துக்கு முன் என் இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டுவிட்டன. எனக்குச் சர்க்கரை கிடையாது, பிரஷர்தான் காரணம். “உன் கோவத்துக்குப் பிரஷர் வராம வேற யாருக்கு வரும்?” என்றார் என் வீட்டுக்காரர். கட்டிய நாளிலிருந்து அவர் சொன்னதில் சரியாக இருந்தது அது ஒன்றுதான்.

டாக்டர் போட்ட கணக்கு எளிமையானது. ஒரு நாளைக்கு அரை லிட்டர். தண்ணீர், டீ, ரசம், மோர், வாயில் போடும் ஐஸ் கட்டி, மாத்திரை விழுங்கும் மடக்கு, எல்லாம் அதற்குள் அடக்கம். உடம்பு தானாக வெளியேற்றாது. குடித்ததெல்லாம் அடுத்த முறை இயந்திரம் எடுக்கும்வரை உள்ளேயே நிற்கும். இரண்டு முறைக்கு நடுவில் இரண்டு கிலோவுக்கு மேல் எடை ஏறினால் தண்ணீர் நெஞ்சுக்குப் போய்விடும்.

முதல் ஆறு மாதம் அழுதேன். நான் குடியிருக்கும் பண்டமாரான் வெயிலில் தாகம் என்றால் என்ன என்று அங்கே இருப்பவர்களைக் கேளுங்கள். துறைமுகத்து லோரிகள் கிளப்பும் புழுதியும் சேர்ந்து தொண்டையில் உட்காரும். அப்புறம் ஒருநாள் அழுகை போய்க் கோபம் வந்தது. பத்தொன்பது வருடம் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை செய்தவள் நான். மயிரிழை பிசகினாலும் சாமானைத் தூக்கி ஓரம் வைக்கிற கண் இது. ஆஃப்டர் ஆல் ஒரு அரை லிட்டர், அதனிடம் தோற்பேனா?

ஒரு வழி கண்டுபிடித்தேன். காலையில் அரை லிட்டர் போத்தல் ஒன்றை நிரப்பி வைப்பேன். எண்பது மில்லி டீ குடித்தால் போத்தலிலிருந்து எண்பது மில்லியை எடுத்து வாசலில் இருக்கும் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிடுவேன். ஒரு கரண்டி ரசம் என்றால் ஒரு கரண்டித் தண்ணீர் செடிக்கு. போத்தலில் மிச்சம் இருப்பதுதான் எனக்கு மிச்சம். இதில் ஏமாற்றவே முடியாது. ஆரம்பத்தில் ஊற்றும்போது வயிறு எரியும். தாகத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டிருக்க, ஒரு செடிக்கு நல்ல தண்ணீரை ஊற்றுவது லேசா? ஆனால் அது மரமாகிவிட்டது. அக்கம்பக்கத்தில் எல்லாரும் என் வாசலில்தான் கறிவேப்பிலை பறிக்கிறார்கள். எங்கள் வரிசையில் யார் வீட்டில் தாளித்தாலும் என் தண்ணீர்தான் மணக்கிறது. அந்த வாசனை வரும்போது எனக்கு வரும் கர்வத்தை நான் மறைக்கப்போவதில்லை.

இன்னொரு சந்தோஷமும் உண்டு. ஊசி குத்துவதற்காக என் இடது கையில் இரண்டு இரத்தக் குழாய்களை ஒன்றாக இணைத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் காதை வைத்தால் உர்ரென்று சத்தம் கேட்கும். சத்தம் இருந்தால் கை நன்றாக இருக்கிறது என்று பொருள். காலையில் எழுந்ததும் பல் துலக்கும் முன் அதைக் கேட்பேன். கேட்டதும் “ம்ம், இருக்கேன்” என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அன்றைக்கு அதுவே போதும்.

இப்படி எல்லாவற்றையும் கட்டுக்குள் வைத்திருந்தபோதுதான் மகளுக்குக் கல்யாணம் கூடி வந்தது. ஒரே மகள். பிரிக்பீல்ட்ஸில் மண்டபம், ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம். என் மனதில் அலங்காரம், சாப்பாடு எதுவும் இல்லை. ஒன்றே ஒன்றுதான் இருந்தது. தாரை வார்க்கும்போது அப்பா மகளின் கையைப் பிடித்து மாப்பிள்ளை கையில் வைப்பார். அந்தக் கைகளின் மேல் அம்மா தண்ணீர் ஊற்றுவாள். அந்தத் தண்ணீரை நான் ஊற்ற வேண்டும். நோய் வந்த முதல் மாதத்தில், இதற்காவது இருப்பேனா என்று நினைத்து நினைத்து அழுதது அதற்காகத்தான்.

கல்யாணத்துக்கு மூன்று வாரம் முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பத்திரிகை வைக்கக் கிளம்பினோம். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் எங்கள் சனம் வராது. புருஷனும் பொண்டாட்டியுமாகத் தாம்பூலத் தட்டோடு வீட்டுக்குப் போய், உட்கார்ந்து, கொடுத்துக் கூப்பிட வேண்டும். முதல் வீடு கிள்ளானில் வீட்டுக்காரரின் பெரிய அத்தை. ரோஜா சிரப் கலக்கிக் கொண்டுவந்தார். எனக்கு ஆகாது என்று சொன்னேன். அத்தையின் முகம் சுருங்கிவிட்டது.

“கல்யாணக் காரியமா வந்துட்டு வெறும் வாயோட எந்திரிக்கிறதா? பொண்ணுக்கு ஆகாது லா. ஒரே ஒரு வாய்.”

பொண்ணுக்கு ஆகாது என்ற பிறகு எந்த அம்மா மறுப்பாள்? ஒரு வாய் குடித்தேன். அடுத்த வீட்டில் பார்லி ஒரு வாய். அதற்கடுத்த வீட்டில் மைலோ. ஒரு வீட்டில் பாயாசமே வைத்துவிட்டார்கள். கூட வைத்த முறுக்கின் உப்பு வேறு தாகத்தைக் கிளப்பியது. சில வீடுகளில் ஒரு வாய் மூன்று வாயானதையும் ஒத்துக்கொள்கிறேன். கடைசியாக எங்கள் வீட்டுக்கு எதிர்வீடு. மொத்தம் பதினாலு வீடு. ஐஸ் கட்டியைக்கூடக் கணக்கில் சேர்க்கிறவள், அன்றைக்கு எதையும் சேர்க்கவில்லை. ஒரு வாய் என்பது மரியாதை, அது தண்ணீர் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். புத்தி கெட்டவள்!

திங்கள் விடியும்போது படுக்க முடியவில்லை. நெஞ்சில் யாரோ அரிசி மூட்டையை வைத்ததுபோல் இருந்தது. நிலையத்தில் தராசில் ஏற்றிய மிஸ்ஸி, அதாவது நர்ஸ், எண்ணைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“அடோய் ஆன்டி! நாலு கிலோ எண்ணூறு ஏறியிருக்கு! கடலையா குடிச்சீங்க?”

“பத்திரிகை வெச்சேன்மா” என்றேன். அதற்குமேல் பேச மூச்சு இல்லை.

ஆம்புலன்ஸ் வந்தது. நாலு நாள் வார்டில் கிடந்தேன். தண்ணீரை எடுத்த பிறகு டாக்டர் வந்து, சத்தம் போடாமல் நிதானமாகச் சொன்னார்: “இன்னொரு தடவை இப்படி வந்தா, கல்யாணத்தன்னைக்கு நீங்க மண்டபத்துல இருக்க மாட்டீங்க. இந்தக் கட்டில்லதான் இருப்பீங்க.”

அன்று மாலை என் நாத்தனார் பார்க்க வந்தாள். செலாயாங் சந்தையில் காய்கறிக் கடை வைத்திருப்பவள். கை நிறையச் சாமான் இல்லாமல் எங்கும் போக மாட்டாள். அன்றைக்கும் ஒரு பை ஆப்பிள். என் காலடியில் உட்கார்ந்து, என் போர்வையை இழுத்துவிட்டுச் சொன்னாள்.

“அண்ணி, நீங்க ரெஸ்ட் எடுங்க லா. மிச்ச வீட்டுக்கு நானும் அண்ணனும் போறோம். முடியலன்னா தாரை வார்க்கிறதையும் நான் பாத்துக்கிறேன். பொண்ணோட அத்தை செய்யலாம், ஐயர்கிட்ட கேட்டுட்டேன்.”

ஐயரிடம் கேட்டுவிட்டாளாம்! எனக்குத் தலைக்கு ஏறியது. “நான் செத்தா போயிட்டேன்?” என்று கத்தினேன். பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். நாத்தனார் ஆப்பிளை வைத்துவிட்டுப் போனாள். அவள் போனபின் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அவள் மேல் தப்பு இல்லை என்று எனக்குத் தெரியும். பயந்திருந்தது நான். அவள் சொன்னது நடந்துவிடுமோ என்றுதான் கத்தினேன்.

குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. முகம் கழுவி நிமிர்ந்தபோது புத்தி வேலை செய்யத் தொடங்கியது. பெரிய அத்தை என்ன சொன்னார்? வெறும் வாயோடு எழுந்திருக்கக்கூடாது என்றார். தண்ணீர்தான் வேண்டும் என்று சொல்லவில்லையே. தாம்பூலத் தட்டில் வெற்றிலை, பாக்கு, மஞ்சளோடு ஒரு கிண்ணம் கற்கண்டும் இருந்தது. பதினாலு வீட்டுக்கும் அதைத் தூக்கிக்கொண்டு போனவள் நான்தான். அட மடச்சி!

வீட்டுக்கு வந்ததும் மீதி பத்தொன்பது வீட்டுக்கும் நானே கிளம்பினேன். வீட்டுக்காரர் வேண்டாம் என்றார். “கார் சாவிய எடுங்க” என்றேன். முதலில் போனது சின்ன அத்தை வீடு. தன் அக்காவான பெரிய அத்தையைவிடக் கண்டிப்பானவர். செம்பில் மோரோடு வாசலிலேயே நின்றார். நான் உட்காருவதற்கு முன்பே தட்டை நீட்டினேன்.

“அத்தை, எனக்குத் தண்ணி ஆகாது. இந்தக் கற்கண்ட உங்க கையால என் வாயில போட்டு ஆசீர்வாதம் பண்ணுங்க. வெறும் வாயோட போக மாட்டேன்.”

அவர் செம்பையும் பார்த்தார், தட்டையும் பார்த்தார். அப்புறம் ஒரு துண்டை எடுத்து என் வாயில் போட்டு, கன்னத்தைத் தட்டினார். “நீ நல்லா இருந்தாத்தான் எங்க புள்ள நல்லா இருக்கும்” என்றார். கற்கண்டு கரையக் கரைய எச்சில் ஊறியது, தாகமும் அடங்கியது. பத்தொன்பது வீடு, பத்தொன்பது கற்கண்டு. எனக்கு வந்த மோரையும் சிரப்பையும் வீட்டுக்காரர் குடித்தார். வழியெல்லாம் காரை நிறுத்தி நிறுத்திப் பெட்ரோல் நிலையக் கழிவறைக்கு ஓடினார். நான் காரில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தேன். கல்யாண வேலையில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய சந்தோஷம் அதுதான் என்று அப்போது நினைத்தேன்.

மிஸ்ஸி டாக்டரிடம் பேசி, கல்யாணத்துக்கு முதல் நாள் சனிக்கிழமை எனக்கு ஒரு இடம் பிடித்துக் கொடுத்தாள். தராசில் ஏறினேன். முக்கால் கிலோதான் கூடியிருந்தது. அவள் கைதட்டினாள். எதிர்க்கடைத் தம்பி அன்றைக்கு ஆற்றிய நுரை கிளாஸுக்கு மேலே எழும்பி நின்றது.

ஞாயிறு காலை மண்டபத்தில் பட்டுப் புடவை, வலது கையில் மட்டும் வளையல்கள். இடது கையில் எதையும் இறுக்கக்கூடாது. அதிகாலையில் மாத்திரைக்குக் குடித்த ஒரு மடக்கோடு சரி. கூட்டமும் ஹோமப் புகையும் சேர்ந்து தொண்டை காய்ந்து கிடந்தது. மேளம் மாறியது. வீட்டுக்காரர் மகளின் கையை எடுத்து மாப்பிள்ளையின் கையில் வைத்தார்.

செம்பை நிரப்பிக் கொண்டுவந்தது நாத்தனார்தான். குனிந்து என் காதில், “அண்ணி, கனமா இருக்கு. நானும் ஒரு கை புடிக்கவா?” என்றாள்.

“தொடாத” என்றேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, “பக்கத்துலயே நில்லு” என்றேன். நின்றாள்.

செம்பை வாங்கியதுமே தெரிந்தது. என் கை சொன்னது: சரியாக அரை லிட்டர். என் ஒரு நாள் தண்ணீர் முழுவதும் அதில் இருந்தது. சில்லென்றிருந்தது, மேலே ரோஜா இதழ் மிதந்தது, என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது. நாலு வருடமாகத் தாகத்தோடு தண்ணீரை ஊற்றிப் பழகியவள் அந்த மண்டபத்தில் என்னைத் தவிர வேறு யார்?

மெல்லிய தாரையாக ஊற்றினேன். ஒரு சொட்டு வெளியே தெறிக்கவில்லை. மகளின் மருதாணி விரல்களில் இறங்கி, மாப்பிள்ளை கையில் நிறைந்து, கீழே தாம்பாளத்தில் விழுந்தது. மகள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஐயர், “போதும்மா” என்றார்.

செம்பு காலியாகும்வரை நான் நிறுத்தவில்லை.