ஜீப்புக்குள் ஒரு படுக்கை

செராமிக் தொழிற்பேட்டை வாசலில் பஸ்ஸுக்காக நின்றபோது அவரைப் பார்த்தேன். நெடிய மனிதர், புருவமெல்லாம் மரத்தூள். பழைய ஜீப்பின் பின்சீட்டுகளைக் கழற்றிவிட்டு, பலகையும் மெத்தையும் வைத்துத் தானே படுக்கை அமைத்துக்கொண்டிருந்தார். முடுக்கிய ஒவ்வொரு ஸ்க்ரூவையும் புறங்கையால் தடவிப் பார்த்தார்.

"தம்பி, கொஞ்சம் ஏறிப் படுங்க. நாளைக்கு என் வூட்டுக்காரிய ஆஸ்பத்திரிலேருந்து கூட்டிட்டு வரணும். முதுகுல ஆபரேஷன். எங்க ஊரு ரோட்டுக்கு ஆம்புலன்ஸு வராதுங்கறாங்க."

படுத்தேன். மேடுபள்ளமான மண்பாதையில் ஒரு சுற்று ஓட்டிவந்து, அதே இடத்தில் நிறுத்தினார்.

"நல்லாத்தான் இருக்குதுங்க," என்றேன்.

"நல்லா இருக்குதுன்னு சொல்லவா உங்கள ஏத்துனேன்? எங்க இடிச்சுதுன்னு சொல்லுங்க."

இடுப்புக்குக் கீழே என்றேன். அங்கே இன்னொரு மெத்தைத் துண்டைச் செருகினார். பிறகு அவரே ஏறிப் படுத்தார்.

"ஓட்டுங்க."

"எனக்கு ஓட்டத் தெரியாதுங்க."

"அப்போ குலுக்குங்க."

பின்கம்பியைப் பிடித்து ஜீப்பைக் குலுக்கினேன்.

"காலைல சாப்டீங்களா இல்லியா? இன்னும் பலமா."

என் பஸ் வந்து போய்விட்டது. முதுகில் தையல் போட்டவரைப் போல, பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார் அவர். நிறுத்தச் சொல்வார், நிறுத்தச் சொல்வார் என்று குலுக்கிக்கொண்டே இருந்தேன். சொல்லவேயில்லை.