ஒன்றரை வயது ஊசி

அண்ணாகிராமம் பக்கத்தில் ஐந்து ஊர்களுக்கு ராமாமிர்தம்தான் நர்சம்மா. இருபத்தாறு வருஷமாகப் புதன்கிழமைதோறும் குழந்தைகளுக்கு ஊசி போட்டு வந்தாள். கைக்குழந்தைக்குப் போடும் மூன்று ஊசிக்கும் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. தாய்மார்களே தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். ஒன்றரை வயதில் மறுபடி போடும் பூஸ்டர் ஊசிதான் அவள் உயிரை வாங்கியது. ஓடியாடும் பிள்ளையை எதற்குக் காய்ச்சலில் படுக்கவைக்க வேண்டும் என்று வீட்டுக்கு வீடு கேட்டார்கள்.

2009 சித்திரையில் அப்படிப் பதினோரு பிள்ளைகள் பாக்கி. வெள்ளிக்கிழமை கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஊசிக் கணக்குக் காட்டும் மீட்டிங். அதற்கு முதல்நாள் வெயிலில், முட்டிவலியோடு, அந்தப் பதினொன்றில் ஒரு பிள்ளையின் அப்பா தேவநாதன் வீட்டுக்குப் போனாள்.

"பாப்பாவுக்குப் போட்டாச்சு நர்சம்மா. சிதம்பரத்துல மச்சான் வூட்டுக்குப் போனப்போ பிரைவேட்டுல போட்டுட்டோம்" என்றான் அவன்.

"சீட்டு இருக்கா தம்பி?"

"போட்டாச்சுன்றேன், சீட்டக் கேக்குறீங்க."

பொய் என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும் பதிவேட்டில் 'போடப்பட்டது' என்று எழுதினாள். வாதாடத் தெம்பில்லை. மீட்டிங்கிலும் யாரும் எதுவும் கேட்கவில்லை. திரும்பும் பஸ்ஸில் அவளால் கண்ணை மூட முடியவில்லை. பத்து வருஷத்துக்கு முன்னால் என்றால் அப்படி எழுதியிருக்க மாட்டாள்.

திங்கட்கிழமை மறுபடியும் போனாள். தேவநாதன் இல்லை. அவன் மனைவி கயல்விழி முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஊசி போடலதானம்மா?"

கயல்விழி குழந்தையின் கவுனைத் தூக்கிக் காட்டினாள். தொடையில் தழும்பு.

"மூணாவது ஊசி போட்ட எடம். கட்டி வந்து கீறி எடுத்தோம். பத்து நாளு அழுதுச்சு. அவுரு அன்னிக்கே இனிமே ஊசின்னு பேச்செடுக்காதன்னுட்டாரு."

"என்கிட்ட ஏம்மா சொல்லல?"

"சொன்னா, ரெண்டு நாள்ல சரியாப் பூடும்பீங்க."

எல்லாரிடமும் அவள் அதைத்தான் சொல்லி வந்தாள். ராமாமிர்தம் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள்.

"அது நான் போட்ட ஊசிம்மா. என் கைத்தப்பா இருக்கலாம். மன்னிச்சுக்க."

கயல்விழி கவுனை இழுத்துவிட்டாள். "அப்புறம் இன்னொண்ணு எதுக்கு?" என்றாள்.

"கக்குவான் இருமல் இன்னும் ஒழியலம்மா. சின்னதுல போட்டது நாளாக நாளாக வலு கொறையுது. நான் போட வேணாம், வேற நர்சு போடட்டும்."

"அவுரக் கேக்கணும்."

ராமாமிர்தம் வற்புறுத்தவில்லை. பதிவேட்டைத் திறந்து, தான் எழுதியதை அங்கேயே அடித்துக் கையெழுத்துப் போட்டாள்.

மூன்று புதன்கிழமை கழித்துக் கயல்விழி ஊசி போடும் இடத்துக்குக் குழந்தையோடு வந்தாள். பைக்கை வெளியே நிறுத்திய தேவநாதன் உள்ளே வரவில்லை. பக்கத்து ஊர் நர்ஸ் மாலதி ஊசி போட, ராமாமிர்தம் குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த மூன்று நாளும் அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பார்த்தாள். முதல்நாள் காய்ச்சல் இருந்தது, கட்டி வரவில்லை.

"இதோட முடிஞ்சுதா?" என்று கேட்டாள் கயல்விழி.

"அஞ்சு வயசுல இன்னொண்ணு இருக்கும்மா."

"இன்னுமா!" என்று கயல்விழி தலையில் கைவைத்துக்கொண்டாள்.

ராமாமிர்தத்துக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கத்தான் தெம்பில்லை. மீதிப் பத்துப் பிள்ளைகளில் ஆடிக்குள் ஆறு பேர் வந்தார்கள். மற்ற நாலு வீட்டுக்கும் அவள் போய்க்கொண்டுதான் இருந்தாள்.