கடற்கரையை மேலிருந்து காட்டிய படம்

மார்ச் மாதம் பன்னிரண்டாம் திகதி, வியாழக்கிழமை, மாலை ஏழு மணி. டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகர நூலகத்தின் மேல்மாடியில் நாற்காலிகளை அரைவட்டமாகப் போட்டிருந்தார்கள். திரையைப் பார்க்க அது வசதியான ஒழுங்கு அல்ல. ஆனால் இங்கே படம் பார்ப்பது பாதி அலுவல்தான். மீதிப் பாதி, படம் முடிந்தபின் நடக்கும் ‘ரூண்டே’. கோப்பியும் கேக்கும் கை மாற, ஒவ்வொருவரும் தம் முறைக்கு ஒரு கருத்துச் சொல்லவேண்டும். ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் வாய் திறப்பதில்லை. பிறகு “நன்றி” என்று ஒரு சொல். முறை அடுத்தவரிடம் போய்விடும். மூன்று பேர் ஒரே நேரத்தில் கதைத்தால்தான் ஒரு படத்தைப் பற்றிக் கதைத்ததாகும் என்று நம்புகிற வீட்டில் வளர்ந்த எனக்கு, அந்த “நன்றி” இன்னும் பழகவில்லை.

அன்று முதல் தடவையாக அம்மாவும் வந்திருந்தார். மூன்று வருடமாக ஒரு முதியோர் இல்லத்தில் பதிலாளாக வேலை செய்கிறார். அவர்கள் அழைக்கும் நாட்களில் மட்டும் வேலை. மறுநாள் காலை, நிரந்தர வேலைக்கான நேர்காணல் இருந்தது. வேலையில் குறை இல்லை, கூட்டங்களில் டேனிஷில் பேசுவதில்லை என்பதே அவரைப் பற்றிய ஒரே முறைப்பாடு. பதினைந்து வருடமாக அம்மாவின் டேனிஷ் என் வாய் வழியாகவே போய்வந்தது: வைத்தியரிடம், கொம்யூன் என்கிற நகரசபை அலுவலகத்தில், என் பள்ளிக்கூடத்தில்கூட. இம்முறை துணைக்கு ஆள் வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே, இந்தத் திரைப்பட வட்டம் அம்மாவுக்கு ஓர் ஒத்திகை.

“என்ன சொல்லுறதெண்டு பாடமாக்கிப்போட்டன்,” என்றார் பஸ்ஸில். “‘படம் நல்லாயிருந்தது. ஆனால் கொஞ்சம் நீளம்.’ எல்லாரும் அதைத்தான் சொல்லுறவை எண்டு நீதானே சொன்னனி.”

“படம் கட்டையா இருந்தா என்னம்மா செய்வியள்?”

“அமெரிக்க சனாதிபதியின்ரை வாழ்க்கை கட்டையா இருக்குமே, விசரி! நான் தடக்குப்பட்டாலும் நீ வாய் திறக்கப்படாது. சொல்லிப்போட்டன்.”

படம் முன்னொரு காலத்து ஜனாதிபதி ஒருவரைப் பற்றியது. அவருடைய பிள்ளைப்பருவம், தேர்தல்கள், மனைவியின் நோய் என்று ஒழுங்காக நகர்ந்தது. இடைவேளைக்குப் பிறகு, அந்நியக் கரையொன்றில் அகப்பட்டுக்கொண்ட சனங்களை ஏற்றிவரக் கப்பல் அனுப்புவதா இல்லையா என்று யோசித்தபடி அவர் தனியே நடக்கும் நீண்ட காட்சி. கடைசியில் கையெழுத்திடுகிறார். கப்பல் வருகிறது. வானத்திலிருந்து எடுத்த காட்சியில், கரை முழுவதும் கறுப்புப் புள்ளிகள் அசைகின்றன.

போரின் கடைசி மாதங்களில் நாங்களும் அப்படியொரு கரையில் இருந்தோம். எனக்கு எட்டு வயது. அமெரிக்கக் கப்பல் வருகிறது என்று பதுங்குகுழிக்குப் பதுங்குகுழி கதை பரவியது. அம்மா என்னிடம் மிஞ்சியிருந்த ஒரேயொரு நல்ல சட்டையை உப்புத்தண்ணீரில் அலசிக் காயவைத்தார். கப்பலில் ஏறும்போது சொல்வதற்கென்று ஓர் ஆங்கில வசனமும் பழக்கினார்: “குட் மோர்ணிங், சேர். ஐ ஆம் எய்ட் இயர்ஸ் ஓல்ட்.” அதை யாரிடமும் சொல்ல நேரவில்லை. இரண்டு வருடம் கழித்து, ஏற்கனவே இங்கிருந்த அப்பாவிடம் விமானத்தில் வந்து சேர்ந்தோம். அந்தக் கப்பலைப் பற்றி அதன்பின் வீட்டில் ஒருவரும் கதைத்ததில்லை.

படம் முடிந்ததும், அந்தப் பயணத்தில் இறந்த மாலுமிகளின் பெயர்கள் கறுப்புத் திரையில் மேலேறின. அம்மா எழுந்து நின்றார். தலை குனிந்திருந்தது. நம்மவர் கூட்டங்கள் எல்லாவற்றிலும் இறந்தவர்களுக்காக எழுந்து நிற்கும் அந்த ஒரு நிமிடம்போல, அவர் இங்கேயும் நின்றார். நானும் எழுவதா என்று தீர்மானிப்பதற்குள், வட்டத்தை நடத்தும் கிர்ஸ்தன் ஓடோடி வந்து அம்மாவின் குளிரங்கியை நீட்டினார்.

“பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதா? பரவாயில்லை, பரவாயில்லை.”

அம்மா “தக்” என்று நன்றி சொல்லி அதை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். கிர்ஸ்தன் குழம்பிப் போய் இன்னொரு துண்டு கேக் கொண்டுவந்து கொடுத்தார்.

கருத்துகள் தொடங்கின. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், நடிப்பு மேலானது, இசை அளவுக்கு மிஞ்சியது, படம் கொஞ்சம் நீளம் என்றார். நன்றி. அவருக்குப் பக்கத்திலிருந்த பெண் கொடிகள் அதிகம் என்றார். கப்பல் காட்சி மட்டும் ஓவியம்போல இருந்ததாம். நன்றி.

அம்மாவின் முறை.

“படம் நல்லாயிருந்தது,” என்று டேனிஷில் தொடங்கினார். நின்றுவிட்டார். மீதி வசனம் என் நாக்கின் நுனியில் இருந்தது. நான் கோப்பிக் குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“கடற்கரையில் நின்ற ஆட்களை மேலே இருந்துதான் காட்டினார்கள்,” என்றார், ஒவ்வொரு சொல்லாக. “நான் முகத்தைத் தேடினேன். முகம் இல்லை. நாங்களும் அப்படி நின்றோம். எங்களுக்குக் கப்பல் வரவில்லை. கப்பல் வந்தால் ஆட்களின் முகம் எப்படி இருக்கும்? அதைப் பார்க்க எனக்கு ஆசை.”

கிர்ஸ்தன் “நன்றி” என்றார், வழமையைவிடச் சற்றுத் தாமதமாக. ஆசிரியர் ஒழுங்கை மீறி, “ஆனால் இது ஜனாதிபதியின் கதையல்லவா?” என்றார்.

“ஓம், அதுவும் சரி,” என்றார் அம்மா, முதல் சொல்லைத் தமிழிலேயே. “அவரும் நல்லாகத்தான் நடித்தார்.” எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார்.

அடுத்தது என் முறை. கமெராவின் உயரம் பற்றியும், வாழ்க்கைச் சரிதப் படங்களில் கூட்டம் எப்படி நிலக்காட்சி ஆகிவிடுகிறது என்பது பற்றியும் சொல்லவென்று ஆயத்தம் செய்திருந்தேன். “கொஞ்சம் நீளம்,” என்றேன்.

பஸ் தரிப்பிடத்தில் அம்மா, “என்ரை வசனத்தை நீ களவெடுத்திட்டாய் என்ன?” என்றார்.

மறுநாள் காலை முதியோர் இல்லம்வரை அவருடன் சைக்கிளில் போனேன். வாசலில், “நீ போ பிள்ளை, ரெயின் தவறப்போகுது,” என்றார். உள்ளே போன பின்பும் நான் சைக்கிள் கொட்டகையில் நின்றேன். கண்ணாடிச் சுவருக்கு அப்பால், பொறுப்பாளர் எதையோ கேட்க, அம்மா கையை உயர்த்தி உயர்த்தி நீளமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். டேனிஷில்தான் பேசுகிறார் என்பது தெரிந்தது. என்ன சொல்கிறார் என்பது, இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து முதல் தடவையாக, எனக்குத் தெரியவில்லை. சைக்கிளை ஸ்டேஷன் பக்கம் திருப்பினேன்.