ஊசி தெரிகிற தரை

எங்கள் அக்காவைத் தெருவில் எல்லோரும் அளவுக்காரி என்றுதான் சொல்வார்கள். டேப்பைக் கழுத்தில் மாட்டியிருப்பாளே தவிர, ஆளை ஏற இறங்கப் பார்த்தாலே அளவைச் சொல்லிவிடுவாள். பள்ளிக்கூடச் சட்டை, திரைச்சீலை, தலையணை உறை, எது வந்தாலும் தைத்துக் கொடுப்பாள். வெட்டிய துணி வீணாய்ப் போயிற்று என்ற பேச்சே அவளிடம் கிடையாது. நான் பக்கத்து வீடு. அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து காஜா எடுப்பேன், பட்டன் வைப்பேன். அவள் மிஷின் சத்தம் கேட்காத நாள் எனக்குக் காய்ச்சல் வந்த நாள் மாதிரி இருக்கும்.

அந்த வீட்டில் கால் நீட்டி உட்கார இருப்பது முன்னறை ஒன்றுதான். தைப்பதும் அங்கேதான், சாப்பிடுவதும் அங்கேதான், விருந்தாளி வந்தால் படுப்பதும் அங்கேதான். வலப்பக்கம் ஜன்னல் மூலையில் மிஷின். இடப்பக்க மூலையில் சுவரோடு சேர்த்துக் கட்டிய அலமாரி, பெட்டி மாதிரித் துருத்திக்கொண்டு நிற்கும். தரையில் பழைய டைல்ஸ். இடையில் பூசியிருந்த சிமெண்ட் உதிர்ந்து இடுக்கு இடுக்காக இருக்கும். கைதவறிய ஊசி அதில் போய்ப் படுத்துக்கொள்ளும். காந்தம் வைத்துத் துழாவினால் சிலது வரும், சிலது வராது.

வராத ஒன்று, அக்காவின் மகள் சின்னப் பெண்ணாக இருந்தபோது அவள் பாதத்தில் ஏறிவிட்டது. "கால் வலிக்குதும்மா" என்று வந்து நின்றாள். அக்காவுக்கு அவசர வேலை. "துரும்பு ஏதாவது குத்தியிருக்கும், இதோ வரேன்" என்று சொல்லிவிட்டு மிஷினை மிதித்துக்கொண்டே இருந்தாள். சாயங்காலம் பாதம் வீங்கியது. ஆஸ்பத்திரியில் கிழித்துத்தான் பாதி ஊசியை எடுத்தார்கள். அதிலிருந்து அந்தப் பெண் வீட்டுக்குள்ளேயும் செருப்பு போட்டுத்தான் நடப்பாள். கல்யாணமாகிப் போகிற நாள் வரைக்கும் அப்படித்தான். அம்மாவும் மகளும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டு நான் கேட்டதில்லை.

இப்போது அவளுக்கு ஒரு குழந்தை. தவழ ஆரம்பித்துவிட்டது. அக்கா போனில் வா வா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். ஒருநாள் மகள் சொல்லிவிட்டாள்.

"அம்மா, தப்பா எடுத்துக்காத. அந்தத் தரையில என் பிள்ளைய இறக்கி விட மாட்டேன். ஆசையா இருந்தா நீ இங்க வந்து பாத்துட்டுப் போ."

அக்கா போனை வைத்துவிட்டுத் தரையைப் பார்த்தாள். பிறகு என்னிடம், "கிளம்பு, கடைக்குப் போலாம்" என்றாள்.

தரை விரிப்பு விற்கிற கடைக்கு அத்தானும் வந்தார். அவர் பஸ் டிரைவர். வாய் சும்மா இருக்காது. கடைக்காரர் முதலில் மரப்பலகை மாதிரி இருக்கிற லேமினேட்டைக் காட்டினார். ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும், ஆணியே வேண்டாம் என்றார். அக்கா கைப்பையிலிருந்து ஊசி குத்தி வைக்கிற திண்டை எடுத்தாள். ஒரு ஊசியைப் பிடுங்கிக் கீழே போட்டாள்.

"என்னம்மா பண்றீங்க?"

"இருங்க தம்பி. ஊசி எங்க போகுதுன்னு பாக்கறேன்."

ஊசி பலகைக்கும் பலகைக்கும் நடுவே இருந்த கோட்டில் போய் நின்றுகொண்டது. அக்கா தலையை ஆட்டினாள். அடுத்தது கம்பளம். போட்ட ஊசியைத் தேட நாங்கள் மூன்று பேரும் குனிய வேண்டியிருந்தது. அடுத்தது கல் மாதிரிப் பூப்போட்ட வினைல், அதாவது தடித்த பிளாஸ்டிக் விரிப்பு. ஊசி கண்ணுக்கு முன்னாலேயே காணாமல் போயிற்று. அதற்குள் அத்தான் வாசல் பக்கம் போய், எங்களைத் தெரியாதவர் மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

கடைசியில் ஒரு மூலையில் சுருட்டி வைத்திருந்த, பூவும் கோடும் இல்லாத வெளிர்பச்சை வினைலை அக்காவே கண்டுபிடித்தாள். ஊசி விழுந்தது. 'டிக்' என்று கேட்டது. பளிச்சென்று தெரிந்தது.

"இதத்தான் எடுக்கறோம். அறை முழுக்க ஒரே துண்டா வேணும். ஒட்டுக்கிட்டு எதுவும் இருக்கக் கூடாது."

"அம்மா, இது ஆஸ்பத்திரிக்குப் போடறதும்மா!"

"அங்கயும் ஊசிதானே தம்பி விழுது?"

சுருளை எடுத்துக்கொண்டு வந்தோம். தரை ஒட்டுகிற ஆள் அடுத்த வாரம்தான் வருவாராம். மகளோ, ஒட்டே இல்லாத புதுத் தரை போடுகிறேன் என்று அக்கா போனில் சொன்னதும், இந்த ஞாயிற்றுக்கிழமையே வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். "வெட்டறது எனக்குத் தெரியாததா?" என்றாள் அக்கா.

டைல்ஸ் இடுக்குகளை எல்லாம் அத்தான் பட்டி வைத்து மூடித் தேய்த்தார். அக்கா பழைய பேப்பர்களை ஒட்டி அறையின் அச்சு எடுத்தாள். இடது மூலையில் அலமாரிக்கு இடம் விட்டு, கழுத்து வெட்டுகிற மாதிரி ஒழுங்காகக் கத்தரித்தாள். வினைலை மாடியில் விரித்து, துணிக்குச் செய்கிற மாதிரியே பின்பக்கத்தைத் திருப்பிப் போட்டு, அச்சை அதன்மேல் வைத்து, சாக்பீஸால் கோடு போட்டாள். மேல்பக்கத்தில் கோடு விழுந்தால் அழுக்கு நிற்கும் என்பது அவள் கணக்கு. கத்தி பிசிறில்லாமல் ஓடியது. நானும் கடவுளை வேண்டிக்கொண்டே பார்த்திருந்தேன். எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. துணி என்றால் மடித்துத்தான் வெட்டுவோம். இடதும் வலதும் சேர்ந்தே வந்துவிடும். எது எந்தப் பக்கம் என்று யோசிக்கிற பழக்கம் எங்களுக்கு ஏது?

கீழே கொண்டுவந்து பச்சைப் பக்கம் மேலே வரும்படி விரித்தோம். அலமாரிக்கு வெட்டிய இடம் வலப்பக்கம், ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றது. அங்கே சதுரமாகப் பழைய தரை இளித்தது. அலமாரிப் பக்கமோ வினைல் சுருண்டு சுவரில் ஏறி நின்றது.

அத்தான் இரண்டு மூலையையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் ரிவர்ஸ் எடுக்கும்போது கண்ணாடி பாத்துதான் எடுப்பேன். நீ மொத்த அறையையுமே கண்ணாடிக்குள்ள இருந்து வெட்டிட்டியேடி!"

எப்போதும் அவர் ஒன்று சொன்னால் அக்கா இரண்டு சொல்வாள். அன்றைக்கோ தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஒட்டே இல்லாத தரைன்னு சொல்லிட்டேனே அவகிட்ட" என்றாள் என்னிடம்.

அத்தான் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். ஒரு மணி நேரத்தில் தரை ஒட்டுகிற ஆளையே கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். வழியில் என்ன கெஞ்சினாரோ! அந்த ஆள் சுற்றிப் பார்த்துச் சிரித்தார். "அக்கா, நாங்க சரியா வெட்டும்போதுகூட இவ்வளவு நேரா வராதுக்கா. ஆனைக்கும் அடி சறுக்கும், விடுங்க." அலமாரிப் பக்கம் மிஞ்சியதை வெட்டி, ஜன்னல் பக்கத்து ஓட்டையில் வைத்தார். அச்சாகப் பொருந்தியது. ஒட்டுக் கோட்டில் மருந்து மாதிரி ஒன்றை விட்டு, ஆறும்வரை மிதிக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

"தண்ணிகூட இறங்காதாம்" என்றார் அத்தான்.

அக்காவுக்கு மனசு ஆறவில்லை. மறுநாள் காலை நான் போகும்போது, மிஷினை அலமாரிப் பக்கத்து இருட்டு மூலைக்கு இழுத்திருந்தாள். ஒட்டு போட்ட இடத்தின்மேல் துணிப்பெட்டி உட்கார்ந்திருந்தது.

"என்னக்கா இது? அங்க வெளிச்சமே இல்லையே. கண்ணு என்னத்துக்கு ஆகும்?"

"ஊசி மிஷின்கிட்டதான விழும்? ஒட்டுப் பக்கம் மிஷினே வேண்டாம். வெளிச்சம் இல்லாட்டி என்ன, கை தைக்கும்."

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். இடுப்பில் குழந்தை, காலில் செருப்பு. முன்னறை வாசலிலேயே நின்றாள். பச்சைத் தரையைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள்.

"மிஷின் ஏம்மா அங்க போச்சு?"

அக்கா பொய் சொல்லத் தெரியாதவள். "தலைகீழா வெட்டிட்டேன். அந்த மூலையில ஒட்டு இருக்கு. அதுக்குத்தான் பெட்டிய வச்சேன்."

"நீயா? தப்பா வெட்டினியா?"

"ஆமா. தப்பாத்தான் வெட்டினேன்." அக்கா கையைப் பிசைந்துகொண்டாள். "அன்னைக்கும் தப்புதான். நீ கால் வலிக்குதுன்னு சொன்னப்பவே நான் எழுந்து வந்திருக்கணும்."

மகள் குழந்தையை என் கையில் கொடுத்தாள். உள்ளே போய்ப் பெட்டியைத் தள்ளினாள். குனிந்து ஒட்டுக் கோட்டின்மேல் நகத்தை வைத்து இழுத்தாள். நகம் எங்கேயும் மாட்டவில்லை. திண்டிலிருந்து ஒரு ஊசியைப் பிடுங்கி அதன்மேலேயே போட்டாள். 'டிக்' என்றது. ஒரே பார்வையில் எடுத்துவிட்டாள். மறுபடியும் போட்டாள். மறுபடியும் எடுத்தாள்.

பிறகு வாசலுக்கு வந்து செருப்பைக் கழற்றினாள். இடது பாதத்தில் அந்தத் தழும்பு வெள்ளையாக நீண்டு தெரிந்தது. நானே அதைப் பார்த்து எத்தனையோ காலமாகிவிட்டது. வெறுங்காலோடு உள்ளே நடந்து போய் மிஷினின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள்.

"என்னம்மா பாத்துட்டு நிக்கற? அந்தப் பக்கம் பிடி. இருட்டுல தைச்சுத் தைச்சுக் கண்ணையும் கெடுத்துக்கப் போறியா?"

இருவரும் மிஷினைத் தூக்கி ஜன்னலடியில் வைத்தார்கள். நான் கடவுளுக்கு நன்றி சொல்லிக் குழந்தையைத் தரையில் இறக்கினேன். அது இரண்டு கையாலும் தரையைத் தட்டிப் பார்த்துவிட்டு, நேராகப் பாட்டியின் காலடிக்குத் தவழ்ந்து போயிற்று.